விற்ற கடையும் விட்ட கடையும்

காலை 11 மணிக்கு மால் கதவு திறக்க வேண்டுமென்றால் ஒன்பதரைக்கே ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். மே மாதம் என்றால் இன்னும் அரை மணி முன்னால். முந்தின நாள் வெயிலைக் கான்கிரீட் ராத்திரி முழுக்க விடாமல் வைத்திருக்கும். பேஸ்மென்ட்டிலிருந்து 7 டிகிரியில் கிளம்பும் தண்ணீர் குழாய் வழியே ஏறி, ஒவ்வொரு கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 12 டிகிரியில் திரும்பி வரும். அந்த 5 டிகிரியில்தான் என் குடும்பம் பிழைத்தது.

எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, சென்னையில் ஒரு ஓட்டலில் பராமரிப்பு வேலை கற்றுக்கொண்டு, புனேவுக்கு வந்தவன் நான். மாலில் கரண்ட், ஏசி, லிஃப்ட், தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு எல்லாம் ஒருவன் தலையில் விழும். அவனுக்கு ஃபெசிலிட்டி மேனேஜர் என்று பெயர். வீடு கராடியில். வேலை நகர் ரோட்டிலும், பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹடப்சரிலும். மராத்திப் பையன்களுக்கு நான் ‘அண்ணா’. தெற்கேயிருந்து வந்த எவரும் அவர்களுக்கு அண்ணாதான், இட்லிக் கடைக்காரர் உட்பட. நான் வேலை பார்த்த இடங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரறிந்த மால்களின் கதைக்குப் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கராடி, 1997-ல் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட கிராமங்களில் ஒன்று. முளா-முட்டா ஆற்றங்கரை, வயல், ரோட்டோரம் சில தொழிற்சாலைகள். நகர் ரோட்டின் ‘நகர்’ என்பது அகமதுநகர். அந்த ஊருக்கு இப்போது அஹில்யாநகர் என்று பெயர் மாறிவிட்டது, ரோடு மட்டும் இன்னும் நகர் ரோடுதான். கஸ்டர்ட் பவுடருக்குப் பேர்போன வெய்க்ஃபீல்டின் இடத்தில் ஐடி பார்க் எழுந்தது. கராடியில் ஜென்சார் என்ற ஐடி கம்பெனி இருந்தது, 2000-களின் கடைசியில் பஞ்ச்ஷீல் குழுமத்தின் இயான் ஐடி பார்க் வந்தது, அப்புறம் வேர்ல்ட் டிரேட் சென்டர். நிலம் விற்ற பணமும் ஐடி சம்பளமும் ஒரே சமயத்தில் ஒரே ரோட்டில் புழங்கின. மால் கட்டுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 2011-ல் விமான் நகரில் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, ஏறக்குறைய 12 லட்சம் சதுர அடி. அதே ஆண்டு, அதற்குக் கூப்பிடு தூரத்தில் இன்ஆர்பிட். அதே ஆண்டு ஹடப்சரில் அமனோரா. 2013-ல் மகர்பட்டாவில் சீசன்ஸ், 15 திரை சினிபோலிசோடு. கராடி வீட்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு மால் வாசலில் போய் நிற்கும் என்ற நிலை மூன்றே வருடத்தில் வந்துவிட்டது.

அதற்கு முன் புனேயில் கடைக்குப் போவதென்றால் லட்சுமி ரோடு, துள்சிபாக், இல்லாவிட்டால் கேம்ப். மத்தியானம் 1 மணிக்கு ஷட்டரை இறக்கினால் 4 மணிக்குத்தான் ஏற்றுவார்கள். சிதளே பந்து இனிப்புக் கடையின் மத்தியான அடைப்பைப் பற்றிய ஜோக்குகளுக்குக் கணக்கே இல்லை. வாசலில் யார் நின்றாலும் மணி மணிதான். அந்தச் சிதளேயே 2017-ல் மத்தியான அடைப்பை விட்டது. மால்தான் காரணம் என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆனால் அதற்குள் நகர் ரோட்டில் காலை 11-லிருந்து ராத்திரி 10 வரை இடைவெளியே இல்லாமல் கதவு திறந்து கிடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

முழுக்க மூடிய மால் பனி தேசத்துச் சரக்கு. 1956-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் விக்டர் குருயன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சவுத்டேல்தான் அந்த வகையில் முதல் என்பார்கள். அங்கே வெளியே நடந்தால் விரல் விறைக்கும், அதனால் மூடினார்கள். புனேயில் வருடத்தில் பாதி நாள் சாயங்காலக் காற்றுக்குக் காசு கொடுக்கலாம். மழைக்காலத்தில் பம்பாய் கவர்னர் இங்கே வந்து தங்கியதே அந்தக் காற்றுக்காகத்தான். அப்படிப்பட்ட ஊரில் காற்றை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே 24 டிகிரியை மின்சாரம் போட்டுத் தயாரித்தோம். அதில் எனக்குச் சம்பளம் கிடைத்தது, எனவே அதிகம் பேசுவதற்கில்லை.

வாடிக்கையாளர் பார்க்கும் மால் பாதிதான். கடைகளுக்குப் பின்னால் சர்வீஸ் காரிடார் ஓடும், பெயின்ட் பூசாத சுவர், டியூப் லைட், தள்ளுவண்டி உரசிய கோடுகள். சரக்கு வருவது, குப்பை போவது, டெக்னீஷியன் நடப்பது எல்லாம் அந்த வழியில். அதன் கடைசியில் ஃபுட் கோர்ட்டின் கிரீஸ் டிராப். எல்லா அடுப்பங்கரைக் கழிவுநீரும் ஒரு தொட்டியில் வந்து நின்று, எண்ணெய் மேலே ஏடாகப் படியும். ராத்திரி கடை மூடிய பிறகு மூடியைத் தூக்கினால் வெண்ணெய் நிறத்தில் ஒரு சாண் கனத்துக்குப் படலம். மேலே சோளே பட்டூராவும் ஷெஸ்வான் நூடுல்ஸும் பாவ் பாஜியும் தனித்தனியாக விற்றதெல்லாம் இங்கே ஒரே நிறத்தில் கிடக்கும். லாத்தூர் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை வாளியில் வழிப்பார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும், தரைத்தளத்தில் சென்ட் விற்கிற கடைக்காரர் போன் செய்வார்.

ஏன் சென்ட் கடை தரைத்தளத்தில், ஃபுட் கோர்ட் உச்சியில்? சினிமாவையும் சாப்பாட்டையும் மேலே வைத்தால் ஜனம் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். எஸ்கலேட்டரில் ஒரு மாடி ஏறியதும் அடுத்த எஸ்கலேட்டருக்கு அரைச் சுற்று நடக்க வேண்டியிருப்பது கட்டியவரின் கவனக்குறைவு அல்ல. பெரிய துணிக்கடைக்கு அடிக்கணக்கில் வாடகை குறைவு, கைக்கடிகாரக் கடைக்கு அதிகம். பெரிய கடை ஆளை இழுத்துவரும், சின்னக் கடை அந்த ஆள் கூட்டத்தில் பிழைக்கும். பெரியவருக்குக் குறைத்ததைச் சின்னவரிடம் கூட்டி வாங்கினால் கணக்கு நேராகும். முழுக் கட்டடமும் ஒரு கையில் இருந்தால்தான் இப்படிக் கூட்டிக் கழிக்க முடியும்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இன்னொரு வரி இருக்கும், இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு எண் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடிக் கடை, அடிக்கு மாதம் 200 ரூபாய் என்றால் 2 லட்சம் நிச்சயம். விற்பனைப் பங்கு 15 சதவீதம் என்று வையுங்கள். தீபாவளி மாதம் 20 லட்சத்துக்கு வியாபாரம் ஆனால் பங்கு 3 லட்சம், உரிமையாளருக்கு அந்த 3 லட்சம் வரும். பில் போடும் மெஷினின் கணக்கு ராத்திரிக்கு ராத்திரி மால் ஆபீசுக்கு வந்துவிடும். இந்த ஒரு வரி இருப்பதால், மூன்றாவது மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பது கூட உரிமையாளரின் கவலை ஆகிறது. ஒரு தடவை கோடைக்கு முன்னால் சில்லருக்குப் பெரிய செலவு கேட்டுப் போனேன். கம்ப்ரசர், பேரிங் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையமர்த்தி, “அண்ணா, அதெல்லாம் விடுங்க. செய்யலைன்னா சனி ஞாயிறு சேல்ஸ் என்ன ஆகும், அதைச் சொல்லுங்க” என்றார் மேலதிகாரி. சொன்னேன். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

விற்ற மாலில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றிலும் நான் கொஞ்ச காலம் இருந்தேன். கட்டியவர் கட்டும்போதே கடைகளைத் துண்டு துண்டாக விற்றுக் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாங்கினவர்களில் டாக்டர் உண்டு, துபாயில் வேலை பார்ப்பவர் உண்டு, நிலம் விற்ற பணத்தில் இரண்டு கடை வாங்கிய விவசாயி உண்டு. எல்லாரும் மகளின் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்டவர்கள். அவரவர் கடையை அவரவர் இஷ்டத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். குழந்தைத் துணிக்கடைக்கு ஒரு பக்கம் டாட்டூ, மறுபக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி. பாதிக் கடைகள் ஷட்டர் இறங்கியே கிடந்தன, விலை ஏறட்டும் என்று.

பூட்டிக் கிடக்கும் கடைக்காரர் பராமரிப்புக் கட்டணம் கட்ட மாட்டார். திறந்திருப்பவர், அவர் கட்டாதபோது நான் மட்டும் ஏன் என்பார். கரண்ட் பில்லோ மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றுதான். கடைச் சொந்தக்காரர்களின் சங்கக் கூட்டம் கூடி, ஏசியைச் சனி ஞாயிறு மட்டும் போடலாம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு எஸ்கலேட்டர் நின்றது. நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? படி உயரம் சாதாரண மாடிப்படியைவிட அதிகம், பழகிய கணக்கில் எடுத்து வைத்த கால் பாதியில் இடறும். வயதானவர்கள் அதைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார்கள். மேலே கூட்டம் குறைந்ததும் ஃபுட் கோர்ட்டில் முதலில் போனது தோசைக் கடை, நல்ல கடை. அதன்பிறகு வந்தவை கோச்சிங் கிளாஸ், ஜிம், இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மாலில் கோச்சிங் கிளாஸ் வந்துவிட்டால் நான் என் சர்டிபிகேட் ஃபைலைத் தூசி தட்டி எடுத்துவிடுவேன்.

இது வெறும் வியாபார நஷ்டத்தோடு நிற்பதில்லை. மகாராஷ்டிராவின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், பி படிவம் வாங்க வேண்டும். படிவம் வாங்க பம்ப் ஓட வேண்டும், பம்ப் ஓடக் காசு வேண்டும். மும்பை பாண்டுப்பில் டிரீம்ஸ் மால் என்று ஒன்று. நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள், தனித்தனிச் சொந்தக்காரர்கள், தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகி. 2021 மார்ச்சில் ராத்திரி நேரத்தில் அது தீப்பிடித்தபோது மேல்மாடியில் கொரோனா நோயாளிகள் இருந்த ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. உயிர்ச்சேதம் ஆன பிறகுதான் அந்த மால் எந்த நிலையில் கிடந்தது என்று நாடு பார்த்தது. அந்த வாரம் எங்கள் தொழிலில் இருந்த எல்லாரும் அவரவர் பம்ப் ரூமுக்குப் போய் பிரஷர் கேஜைப் பார்த்துவிட்டு வந்தோம்.

தமிழ் வாசகர்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம், அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவே இருக்கிறது. 1983 தீயில் பழைய ஸ்பென்சர் கட்டடம் போன பிறகு எழுந்த புதுக் கட்டடம், 90-களில் சென்னைக்கே மால் என்றால் அதுதான். பலர் கைக்குப் போன கடைகள், யாரும் ஒன்றுசேர்த்துப் புதுப்பிக்க முடியாத உள்கட்டு. எக்ஸ்பிரஸ் அவென்யூவும் வேளச்சேரி ஃபீனிக்ஸும் வந்ததும் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மறுபக்கம் பார்க்க எனக்கு ஆற்றைத் தாண்டினால் போதும். மகர்பட்டா விவசாயிகள் சுமார் 120 குடும்பங்கள். 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை பில்டருக்கு விற்காமல், சதீஷ் மகர் தலைமையில் தாங்களே கம்பெனியாகச் சேர்ந்து, நிலத்துக்கு ஏற்பப் பங்கு வைத்துக்கொண்டு, 2000 வாக்கில் நகரம் கட்டத் தொடங்கினார்கள். ஐடி கட்டடங்களை வாடகைக்கு விட்டார்கள். அந்தக் குழுமத்தின் மால்தான் சீசன்ஸ். கரும்பு விளைந்த நிலத்தின் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வாடகை வருமானத்தில் பங்குதாரர்களாக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கராடிப் பெரியவர் ஒருவர், நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக விற்று, கார் வாங்கி, பங்களா கட்டியவர், சாயங்காலம் பாலத்தில் நின்று எதிர்க்கரையைக் காட்டி, “விற்காதவன் கெட்டிக்காரன்” என்று மராத்தியில் சொல்வார். எங்கள் தொழிலுக்கும் அதுவே பொருந்தும் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. மால் சொந்தக்காரர்கள் எல்லாருமே பணக்காரர்கள், அவர்களுக்கென்ன குறை என்றார்.

ஒரு கையில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எரவாடாவில் தீபக் ஃபெர்டிலைசர்ஸ் கட்டிய இஷான்யா, வீட்டு அலங்காரத்துக்கென்றே எழுந்த மால். டைல்ஸ், சோபா, விளக்கு, குளியலறைச் சாமான். அழகான கட்டடம். ஆனால் ஒரு குடும்பம் சோபா வாங்குவது பத்து வருடத்துக்கு ஒரு தடவை. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் கமோடு பார்க்கப் போவார்கள்? பிறகு பெயரை மாற்றி, கிரியேட்டிசிட்டி என்று சாப்பாட்டுக் கடைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கோரேகாவ் பார்க் பிளாசாவும் படுத்து எழுந்ததுதான், இப்போது கோபா. படுத்த மால் எழ முடிந்ததே, ஒரே ஆள் சாவியை வாங்கி மொத்தமாக இடித்துச் செதுக்க முடிந்ததால்தான் என்பது என் கட்சி.

பெரிய கடை சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். ஹைப்பர்சிட்டி என்ற பெரிய சூப்பர்மார்க்கெட் 2017-ல் கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமத்துக்குப் போனது. 2022-ல் ஃபியூச்சர் வாடகை கட்ட முடியாமல் தடுமாறியபோது, அதன் பிக் பஜார் கடைகள் பலவற்றின் குத்தகை ஏற்கெனவே ரிலையன்ஸ் கைக்கு மாறியிருந்தது. போர்டை மாற்றி, ரிலையன்ஸ் கடையாகத் திறந்தார்கள். ஃபியூச்சர் யாருக்குப் போவது என்று நீதிமன்றத்தில் பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள், கடையோ குத்தகைப் பத்திரம் யாரிடம் இருந்ததோ அவர் பக்கம் போய்விட்டது.

கொரோனாவில் மூடிய மாலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், நாங்கள் பத்துப் பேர் பார்த்தோம். 2020 மார்ச்சில் அடைத்தது. ஜூனில் மழை பிடித்தது. புனே மழை என்றால் ஊற்றாது, நாள் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். ஏசி ஓடாத கட்டடத்தில் ஈரம் ஏறியது. ஷோரூம் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாக இருந்த தோல் ஷூக்களின் மேல் பச்சைப் பூஞ்சை. கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினால் “ஏதாவது பண்ணுங்க சார்” என்று பதில் வரும். கரண்ட் பில்லுக்குப் பயந்துகொண்டே ஒரு சில்லரைத் தினம் சில மணி நேரம் ஓட்டினோம், ஜனத்துக்காக இல்லை, செருப்புக்காக. ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாநில அரசு திறக்க விட்டது. சினிமா கிடையாது, ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. முதல் நாள் ஊழியர்கள்தான் அதிகம். பல கடைகள் குறைந்தபட்ச வாடகை வேண்டாம், விற்பனையில் பங்கு மட்டும் தருகிறோம் என்றன. ஒரே உரிமையாளர் இருந்த இடங்களில் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். விற்ற மாலில் யார் யாரிடம் பேசுவது?

தண்ணீர்க் கதையைத் தனியாக எழுத வேண்டும். கராடியில் அடுக்குமாடி எழுந்த வேகத்துக்குக் குழாய் வரவில்லை, எல்லாரும் டாங்கரை நம்பினோம். பாமா ஆஸ்கேட் அணைத் தண்ணீர் கிழக்குப் புனேவுக்கு 2021 தொடக்கத்தில்தான் வந்தது. வியாழக்கிழமை என்றால் புனேயில் கரண்ட்டும் தண்ணீரும் பராமரிப்புக்காக நிற்கும் நாள் என்று ஊருக்கே தெரியும். மாலில் மட்டும் வியாழன் தெரியக் கூடாது. டீசல் ஜெனரேட்டர், மூன்று நாள் கொள்ளும் தொட்டி, கழிவுநீரைச் சுத்திகரித்து கூலிங் டவருக்கு விடும் பிளான்ட் எல்லாம் அதற்காகத்தான். வீட்டில் நான் பக்கெட்டில் குளித்துவிட்டுப் போவேன், மாலில் சென்சார் குழாயில் கை நீட்டினால் தண்ணீர் கொட்டும்.

இப்போது மெட்ரோ ராம்வாடி வரை வந்துவிட்டது, 2024 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. அதற்கு மேல் வாகோலி வரை நீட்டவும் மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது. வருகிறபோது கராடியில் நிற்கும், ரோட்டோரக் கடைகளின் விலை இப்போதே அதை நம்பி ஏறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் என் அக்கா மகன் ஒரு புத்தகம் போன்ற விளம்பரத்தைக் கொண்டுவந்தான். இயானில் ஒரு வெளிநாட்டு வங்கியில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன், கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடிக்குக் கீழே மூன்று தளம் கடைகள், 280 சதுர அடி, கட்டி முடிக்கும் வரை மாதாமாதம் உறுதி வாடகை. “மாமா, ரேட் நல்லா இருக்கு. உங்களுக்குத் தெரியாதா, நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்றான். மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் என்ன வரும் என்று தீர்மானிப்பது யார்? பூட்டிக் கிடக்கும் கடைகளின் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவார்? கட்டடம் கைமாறிய பிறகு பி படிவத்துக்குப் பொறுப்பு யார்?

அனுப்பினான். விற்பனைப் பெண் அரை மணியில் பதில் போட்டுவிட்டாள். முதல் இரண்டு கேள்விக்கும் ‘சங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவதற்குப் பதிலாகத் தவணை அட்டவணையை இணைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் ஸ்டாம்ப் டூட்டி அவர்கள் செலவு.